விடுதியா, ஓடமா, நடையா? கொழும்பிலிருந்து மழைவனம் காணச் செல்வோர்க்கு ஓர் ஆராய்ச்சி

கொழும்பில் குடியிருக்கும் தமிழர் ஊர்விட்டு ஊர் போவதற்கு நெடுங்காலமாக இரண்டே நிமித்தங்கள் இருந்துவந்தன. ஒன்று யாத்திரை, மற்றது உறவு. கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் மடுவுக்கும் நேர்த்தி வைத்துப் போவார்கள்; கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போவார்கள். உள்ளே கோவிலும் இல்லாமல், அப்பால் இனத்தவர் வீடும் இல்லாமல், வனம் என்ற ஒன்றையே பிரயோசனமாகக் கொண்டு குடும்பத்தோடு வான் பிடித்துப் புறப்படும் வழக்கம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடந்த சில பத்தாண்டுகளில் தோன்றி வளர்ந்ததே. அதற்கு முதற் காரணர் நம்முடைய புலம்பெயர்ந்த சுற்றத்தார். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆகஸ்ட் விடுமுறைக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே அடுக்குமாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்குகின்றவர்கள், "பிள்ளையளுக்குக் கோயில் காட்டியாச்சு, கடல் காட்டியாச்சு, இனிக் காடு காட்டவேணும் மச்சான்" என்று சொல்ல, இங்குள்ள மச்சான்மார் விளம்பரங்களை ஆராயத் தொடங்குகிறார்கள்.

அவ்விளம்பரங்கள் மழைவனம் காணும் மார்க்கங்களை மூன்றாக வகுத்துக் கூறுகின்றன: வனத்தின் ஓரத்திலே விடுதியொன்றில் தங்கி அங்கிருந்து சிறு சிறு நடைகளாக உள்ளே சென்று வருவது, ஆற்றிலே ஓடத்தில் அமர்ந்து இரு கரைகளையும் பார்த்துக்கொண்டு போவது, வழிகாட்டி ஒருவன் முன்னே செல்லக் காலால் நடந்து வனத்தை ஊடறுத்துக் கடப்பது. இம்மூன்றில் எது உத்தமம் என்று வினாவுவோர்க்கு, உடல்நலத்தையும் கைப்பணத்தையும் ஒட்டி அவரவர் தெரிந்துகொள்ளலாம் என்று பொதுப்பட விடை கூறிவிடுவது எளிது. ஆனால் இப்பாகுபாடே அந்நிய தேசத்து நதிகளையும் வனங்களையும் கண்டு வகுக்கப்பட்டது என்பதையும், அதை நம் நாட்டின் மலைகளுக்கும் ஓடைகளுக்கும் பொருத்தும்போது மூன்றின் தராதரமும் அறவே மாறிவிடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமேசன் பிரதேசத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6,400 கிலோமீற்றர் நீளமுடைய அந்த மகாநதியின் மருங்கிலே ஆறே தெருவாகவும், ஓடமே வாகனமாகவும் அமைந்துள்ளன. பெரு நாட்டின் இக்கித்தோஸ் போன்ற ஒரு பெருநகரத்துக்கு வெளியுலகத்திலிருந்து தரைவழிப் பாதையே கிடையாது; ஆகாய மார்க்கமாக அல்லது ஜலமார்க்கமாகத்தான் அங்கே போய்ச் சேரவேண்டும். ஆண்டுதோறும் வெள்ளம் பத்து மீற்றர் உயரமளவும், சிலவிடங்களில் அதற்கு மேலும் ஏறுவதால், வெள்ளகாலத்தில் காட்டின் அடிமரங்கள் நீரினுள் மறைய, ஓடம் மரங்களின் நடுக்கிளைகளுக்கிடையே புகுந்து செல்கிறது. தரையில் நிற்பவன் கழுத்தொடிய அண்ணாந்து பார்க்கவேண்டிய பட்சிகளையும் குரங்குகளையும் அங்கே ஓடத்தில் இருப்பவன் நேர்முகமாகக் காண்கிறான். அத்தகைய தேசத்தில் ஆற்றுப் பிரயாணத்தைச் சோம்பேறிகளின் சொகுசு என்று எவரும் கூறமுடியாது. அங்கே வனத்தின் வாசலே ஆறுதான். போர்ணியோவின் கினபத்தாங்கன் நதிக்கும் ஓடமே பொருந்தும், ஆயினும் அதற்குக் காரணம் வேறு: எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இரு புறமும் நெருக்கிவிட்டபடியால், எஞ்சிய காடு ஆற்றின் கரையோரமாக ஒடுங்கிய பட்டையாய் நிற்க, நெடுமூக்குக் குரங்கும் ஒராங்குட்டானும் யானையும் அந்தப் பட்டைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. அங்கே பயணிக்கு விலங்கு மலிவாகக் கிடைப்பது விலங்குக்கு இடம் அரிதாகிவிட்டதன் பலன்.

இவ்விடத்தில் ஒரு சரித்திரச் செய்தியை நினைவுகூர்வது பொருத்தம். 1848இல் ஹென்றி வால்ட்டர் பேற்ஸ் என்னும் ஆங்கில இயற்கைநூலார், பின்னர் டார்வினோடு பெயர் சேர்த்துப் பேசப்பட்ட வாலஸின் துணையுடன் அமேசனுக்குச் சென்று, வாலஸ் நான்காண்டில் திரும்பிவிட்ட பின்னரும் தாம் திரும்பாமல் 1859 வரை பதினோராண்டுகள் அங்கேயே இருந்தார். அவர் சேகரித்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களில் ஏறக்குறைய 8,000 அதுவரை விஞ்ஞானம் அறியாதவை. ஆற்றுவழியாக நெடுந்தூரம் சஞ்சரித்தவரேயாயினும், ஏகா என்னும் சிற்றூரில் நாலரை ஆண்டளவு வீடெடுத்துத் தங்கி, நாள்தோறும் அதே காட்டுக்குள் அதே வழியாக நடந்து சென்று திரும்பியதிலேதான் அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி அவருக்குக் கிட்டியது. ஆறே தெருவாயுள்ள தேசத்திலும் ஓரிடத்தில் நிலைத்திருந்தவனுக்கே வனம் தன்னை வெளிப்படுத்தியது என்றால், ஆறு தெருவாகாத தேசத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இனி நம் வனத்துக்கு வருவோம். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் முற்காலத்தில் பரந்து கிடந்த தாழ்நில மழைக்காட்டில் எஞ்சியவற்றுள் தலைமையானது சிங்கராஜ வனம். இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களும் கூடுமிடத்தில், கிழக்கு மேற்காக 21 கிலோமீற்றரும், வடக்குத் தெற்காக மிகுந்த இடத்தில் 7 கிலோமீற்றருமாய் அது நீண்டு கிடக்கிறது. ஆண்டொன்றுக்கு அங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் யுனெஸ்கோவால் அங்கீகரிக்கப்பட்ட இவ்வனத்தில் உள்ள மரவகைகளில் 60 வீதத்துக்கு மேற்பட்டவை இத்தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதவை. நம் நாட்டு வைத்தியர்கள் காய்ச்சலுக்கு அவித்துக் கொடுக்கும் மரமஞ்சள் கொடி, கித்துள் மரம், காட்டேலம் முதலியவை இக்காட்டோரத்துக் கிராமத்தவரின் சீவனோபாயத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைந்தவை.

இந்த வனம் இன்று நிற்பதே ஒரு போராட்டத்தின் பலன் என்பதையும் பிரயாணி அறிந்து செல்வது நல்லது. 1970களின் முற்பகுதியில், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டி, யந்திரங்களைக் கொண்டு இவ்வனத்தில் மரம் தறிக்கும் வேலையை அரசாங்கமே தொடங்கியது. அதை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களுள், இலங்கையைத் தம் தாயகமாக்கிக்கொண்ட சுவிற்சர்லாந்துக்காரரான தீலோ ஹொஃப்மன் முக்கியமானவர். அந்தப் பத்தாண்டு முடியுமுன் தறிப்பு நிறுத்தப்பட்டது. வனத்தின் வாசல்களுள் ஒன்றான குடாவைப் பக்கமாக இன்று நாம் நடந்து செல்லும் அகன்ற பாதை, அன்று மரமேற்றிய லொறிகளுக்காக வெட்டிய பாதைதான். அதன் இருமருங்கிலும் தறிக்கப்பட்டு மீண்டும் வளர்ந்த காட்டையும், விளிம்பிலே காவலாக நடப்பட்ட பைன் மரங்களையும், அந்தப் பைன் நிழலில் நாட்டு மரங்களை மறுபடி வளர்த்தெடுக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க முதலிய பேராசிரியர்கள் செய்த பரீட்சைகளின் பயனையும் ஒரே நடையில் காணலாம். கன்னிக்காட்டை மட்டுமே காணவேண்டுமென்று வருகிறவர்களுக்கு இது சிறிது ஏமாற்றமாயிருக்கும். எனக்கோ, புண்பட்ட காடு ஆறுவதைப் பார்ப்பதே விசேஷமாகத் தோன்றுகிறது.

இங்கே நதிகள் இல்லாமலில்லை. சிங்கராஜ வனத்தின் தென்புறத்து நீர் ஜிங் கங்கைக்கும், வடபுறத்து நீர் களு கங்கைக்கும் போகிறது. சிவனொளிபாத மலைச்சாரலில் பிறக்கும் களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடி, கொட்டாஞ்சேனைக்கு அடுத்த மட்டக்குளியில் கடலோடு கலக்கிறது. அம்பத்தளையில் அந்த ஆற்றிலிருந்து இறைக்கும் நீரும், காடு சூழ்ந்த லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீருமே நம் வீட்டுக் குழாய்களில் வருகின்றன. ஆயினும் இந்நதிகள் வனத்தினுள் இருக்கும் வரையில் கற்பாறைகளின்மேல் குதித்து விழும் ஓடைகள். ஓடம் தாங்கும் அகலமும் ஆழமும் பெற்றுச் சமநிலத்துக்கு வரும்போதோ, வனம் பின்தங்கி, றப்பர்த் தோட்டமும் வயலும் வீடும் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே மழைவனத்தின் ஊடே ஓடத்தில் செல்வது என்பது இந்நாட்டில் இயற்கையாகவே அமையாத காரியம். அப்படி ஒன்று உண்டென்று விளம்பரம் செய்வோர் வேறெதையோ காட்டப்போகிறார்கள்.

அந்த வேறெதுவும் இழிவானதல்ல. பலப்பிட்டியில் கடலோடு சேரும் மாது கங்கை, 2003இல் ராம்சார் சாசனத்தின்கீழ் சேர்க்கப்பட்ட ஈரநிலம். கண்டல் மரங்களின் வேர்வளைவுகளுக்குக் கீழே ஓடம் தலைகுனிந்து புகுந்து, பல தீவுகளைச் சுற்றி, கறுவாப்பட்டை உரிக்கும் வீட்டிலும் கொத்தூவ விகாரையிலும் தங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் கரைசேரும். கபரகொய்யா கிளையில் வெயில் காய்வதையும், நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்துவதையும் நான்கு வயதுப் பிள்ளையும் எண்பது வயது அம்மம்மாவும் ஒரே பலகையில் அமர்ந்து காணலாம். வெள்ளவத்தை நிலையத்தில் ஏறினால் கடலோரப் புகையிரதமே அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். கால்களை மீன்கள் கடிக்கத் தொட்டியில் வைத்திருக்கச் சொல்லிக் காசு கேட்கும் கடைகளை மட்டும் ஓடக்காரரிடம் முன்கூட்டியே வேண்டாமென்று சொல்லிவிடவேண்டும்; இல்லையேல் பிரயாணத்தின் கால்பங்கு நேரம் அதிலேயே போய்விடும். கொட்டாஞ்சேனையார்க்கு இன்னும் அண்மையில், ஹமில்ற்றன் கால்வாய் வழியாக முத்துராஜவெல சதுப்பு நிலத்தைக் காணும் ஓடங்களும் உண்டு. இவை எல்லாம் ஈரநிலங்கள், பார்க்கத் தகுந்தவை, மழைவனம் அல்ல. யானை நீந்துவதை ஓடத்திலிருந்து காட்டும் கல்லோயாவின் சேனநாயக்க சமுத்திரமோ வறண்ட வலயத்தைச் சேர்ந்தது.

கித்துல்கலை தனியாகப் பேசப்படவேண்டிய இடம். அங்கே களனி கங்கையின் ஒரு கரையில் ஹற்றன் வீதியும், மறு கரையில் மகந்தாவ என்னும் உண்மையான மழைவனமும் இருக்கின்றன. 1957இல் வெளிவந்த "க்வாய் நதிப் பாலம்" என்ற திரைப்படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த இடமும் இதுவே. ஆனால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் காற்றடைத்த இறப்பர்ப் படகில் நுரைநீரில் குதித்துக் கூச்சலிட்டுக்கொண்டு இறங்குகிறார்களேயன்றி, அக்கரைக்குப் போவதில்லை. இளைஞருக்கு அது நல்ல விளையாட்டு. அதைக் குறைகூற மாட்டேன். ஆற்றில் விளையாடிவிட்டு மழைவனம் கண்டதாகக் கணக்கெழுதுவதைத்தான் ஒப்புக்கொள்ளமுடியவில்லை. மறு கரைக்குக் கடந்து மகந்தாவக் காட்டுக்குள் காலையில் இரண்டு மணி நேரம் வழிகாட்டியோடு நடந்தவர்களுக்கு, கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஓர் உண்மையான மழைவனம் கிட்டும்.

எந்த நீரிலாயினும் உயிர்காப்பு அங்கி இல்லாத ஓடத்தில் ஏறலாகாது. 2009 செப்டெம்பர் 30இல் கேரளத்துத் தேக்கடி ஏரியில் இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் அதற்கொரு காரணமென்று அப்போது கூறப்பட்டது. விலங்கைக் கண்டவுடன் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பது நம்மவர் இயல்பு. அதனால் ஓடத்தில் ஏறுமுன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

மூன்றாவது மார்க்கமாகிய நடை நம்மவர்க்குப் புதிதன்று. சிவனொளிபாத யாத்திரையில் இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலைப் பாதையால் ஏறியவர்கள், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, இந்நாட்டின் சிறந்த மழைவனமொன்றின் ஊடே மணிக்கணக்காக நடந்தவர்களே. மார்கழிப் பொயாவில் தொடங்கி வெசாக்கில் முடியும் பருவம், கூட்டமாகச் செல்லும் விதி, முன்னர்ப் பலமுறை ஏறிய ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டு அவர் சொற்படி நடக்கும் சம்பிரதாயம், முதன்முறை ஏறுகிறவனைத் தனியே விடாத கருணை ஆகியவை எல்லாம், இன்றைய மலையேற்ற நிறுவனங்கள் அச்சடித்துக் கொடுக்கும் நிபந்தனைகளுக்குப் பன்னெடுங்காலம் முந்தியவை. சபரிமலைக்குக் குருசாமியோடு போய்வந்த கொட்டாஞ்சேனை வாலிபருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சம்பிரதாயத்தைக் கைவிட்டு, வெறும் உற்சாகத்தைத் துணையாகக் கொண்டு மலையேறியதால் விளைந்த துன்பத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அம்மாநில அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024இல் 40 பாதைகளைத் தெரிந்து, வனத்துறையின் பயிற்சிபெற்ற வழிகாட்டிகளோடு மட்டுமே செல்லும் திட்டமொன்றையும் தொடங்கியது. நம் ஈரவனத்தில் தீ அபாயம் இல்லையெனினும், திடீரென்று பெருகும் ஓடையும், மழையில் வழுக்கும் பாறையும், பாதை தெரியாமல் மூடும் பனிமூட்டமும் உண்டு.

ஆனால் நடை என்னும் மார்க்கத்தின் உண்மையான குறை அபாயத்தில் இல்லை. தூரத்தை எண்ணத் தொடங்கிவிடுவதே அதன் குறை. குடாவையிலிருந்து மவுலவெல்ல சிகரத்துக்கும், அதற்கு அப்பால் சிங்ககலைக்கும் பாதைகள் உண்டு. சிகரத்தைத் தொட்டுத் திரும்பவேண்டுமென்ற ஒரே எண்ணத்தோடு புறப்படுகின்றவன், வேரிலும் கல்லிலும் கால் இடறாமலிருக்கவும் சப்பாத்தின்மேல் அட்டை ஏறாமலிருக்கவும் நிலத்தையே பார்த்து நடந்து, மலையுச்சியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே நிலத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுகிறான். வறண்ட வலயத்து வெளிகளில் ஒரு மைலுக்கப்பால் நிற்கும் யானையும் தெரியும். மழைவனத்தில் பத்தடிக்கப்பால் இருப்பதும் தெரியாது. எனவே இங்கே அதிகம் நடந்தவன் அதிகம் கண்டவன் ஆவதில்லை. தெனியாயப் பக்கத்துப் பிட்டதெனிய வாசலால் நுழைந்து அருவி வரையில் போய்வருவதும், ஹினிதுமைக்கு அண்மையிலுள்ள கன்னெலிய வனத்தில் ஒரு பகலைக் கழிப்பதும் இந்த நோக்கில் சிங்ககலை ஏற்றத்தைவிட இலாபமானவை.

அட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பாம்பைவிட அதற்கே அதிகம் அஞ்சுகிறார்கள். மழை விட்ட பத்து நிமிடத்தில், இலைநுனியில் ஊசியளவான ஒன்று நிமிர்ந்து நின்று காற்றிலே தலையைச் சுழற்றி நம்மைத் தேடுவதைக் குனிந்து பார்த்தால், அருவருப்பு நீங்கி வியப்பே மேலிடும். முழங்கால் வரை ஏறும் தடித்த துணிக் காலுறையை வாசலருகில் கடைகளில் வாங்கலாம். களிசானை அதற்குள் செருகிக்கொள்ளவேண்டும். கிராமத்தவர் காலில் சவர்க்காரத்தைப் பூசிக் காயவிடுவார்கள், தேசிக்காய் தேய்ப்பார்கள், சிறு முடிச்சில் உப்பும் வைத்திருப்பார்கள். கடித்தால் இரத்தம் நெடுநேரம் கசியும், பின் அரிக்கும், அவ்வளவே. நீரிழிவுக்காரரும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்போரும் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு போவது புத்தி.

இவ்வளவையும் கருதிப் பார்க்கும்போது, நம் நாட்டு மழைவனத்துக்கு விடுதியே முதன்மையான மார்க்கம் என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் படுக்கையின் சுகமோ சாப்பாட்டின் ருசியோ அல்ல, நேரம். கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, களவானை வழியாகப் போனாலும், அதிவேகப் பாதையால் இறங்கி மத்துகம, அகலவத்தை, பதுரலிய வழியாகப் போனாலும், குடாவையை அடைய நான்கு மணி நேரமாவது செல்லும். விடியப் புறப்பட்டாலும் பத்து மணிக்குமேல்தான் வனத்துள் கால்வைக்க இயலும். பட்சிகள் அடங்கி, வெப்பம் ஏறி, பிற்பகல் மழை கூடும் வேளை அது. வாசலருகில் இரவு தங்கியவனுக்கோ ஆறரை மணிக் காட்டின் முழு வைபவமும் கிடைக்கிறது.

அந்த வைபவத்தின் சிகரம் கலப்புப் பறவைக்கூட்டம். அரைமணி நேரம் ஒரு குரலும் இல்லாமல் கிடந்த காட்டில், தூரத்தே சிலம்பன்களின் கலகலப்பு எழும்; பின் கொண்டைக் கரிச்சான் ஒன்று கீறலாய்க் கத்தும்; கணநேரத்தில் தலைக்குமேலும் தோளுக்கருகும் பல இனப் பறவைகள் ஒரே திசையில் இரை தேடிக்கொண்டு நகர்ந்து செல்லும். செம்முகப் பூங்குயில் மேற்கிளையில் அணிலைப்போல் ஓடும். சிங்களவர் கெஹிபெல்லா என்னும் நீலப் பறவை சில சமயம் பின்தொடரும். பிறகு மீண்டும் நிசப்தம். 1980களின் தொடக்கத்திலிருந்து கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தோரும் ஆராய்ந்துவரும் இக்கூட்டங்களில் சராசரி 40 பறவைகள் அளவில் இருப்பதுண்டு. கரிச்சான் மற்ற இனங்களின் அபாயக் குரலைத் தானே போலியாக எழுப்பவல்லது என்பதும் அவர்கள் கண்டதே. இக்கூட்டம் எந்த நேரம் எந்த வளைவில் வரும் என்று எவராலும் சொல்லமுடியாது. காத்திருக்க நேரம் உள்ளவனுக்கே அது வாய்க்கும். இரவின் காட்டுக்கும் இவ்விதியே பொருந்தும். இத்தீவில் ஒரு புதிய ஆந்தை இனம் உண்டென்பது முதலில் குரலாலேயே அறியப்பட்டு, 2001இல் தீபால் வரகாகொடவால் கண்ணாலும் காணப்பட்டு, 2004இல் சாஸ்திரமுறைப்படி வெளியிடப்பட்டது. இத்தனை மனிதர் நெருங்கி வாழும் நாட்டில் ஓர் ஆந்தை அத்தனை காலம் ஒளிந்திருந்தது இரவிலே காட்டோரத்தில் செவிசாய்த்தோர் குறைவு என்பதால்தானே.

ஆயினும் விடுதி என்ற பெயருடைய எல்லாம் ஒன்றல்ல. குடாவையில் வாசலுக்கு மேலே மார்ட்டின் விடுதியும், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தங்குமனைகளும், ஆற்றங்கரையில் புளூ மக்பை விடுதியும் உள்ளன. இவற்றின் சிறப்பு வனத்தின் அண்மை. களவானைப் பக்கத்தில் பாறைகளுக்கிடையே அமைந்த போல்டர் கார்டன் போன்றவையும், தெனியாய மேட்டில் பழைய கப்பற் கொள்கலன்களைக் கொண்டு கட்டிய றெயின்ஃபொரஸ்ட் ஈக்கோலொட்ஜும் சௌகரியம் மிகுந்தவை. மழைவன விடுதி என்று பெயர் சூட்டிக்கொண்டு, குளிரூட்டியும் நீச்சற்குளமுமாய், வாசலுக்கு ஒரு மணி நேர வான் ஓட்டத்துக்கு அப்பால் இருக்கும் இடங்களும் பலவுண்டு. அங்கே தங்கினால் விடியற்காலம் வீதியிலேயே கழிந்துபோகும். குடும்பத்தில் முதியோர் இருந்தால் நான் கூறுவது இது: முற்றமுள்ள சாதாரண விடுதியாகப் பார்த்து இரண்டு இரவுக்கு எடுக்கவேண்டும். அப்பம்மா முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கித்துள் கருப்பட்டியைக் கடித்துப் பிளேன்டீ குடித்தபடி இருந்தாலே, உள்ளே நான்கு மைல் நடந்தவர்கள் காணாத ஒன்றிரண்டைக் கண்டுவிடுவார். பலாக்காய்க் கறியும் பருப்பும் சோறுமே பெரும்பாலும் கிடைக்கும். சைவ உணவுக்காரர் முன்பே சொல்லிவைத்தால் மாசிச் சம்பலைத் தனியே வைத்துவிடுவார்கள்.

மூன்று மார்க்கங்களுக்கும் பொதுவானவன் வழிகாட்டி. குடாவையில் வழிகாட்டியின்றி உள்ளே விடுவதில்லை. அவ்வேலையைச் செய்வோர் சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் பாதையோரம் நின்று, காய்ந்த பன்னக் கொத்தொன்றைச் சுட்டிக்காட்டி, "ஹெமின், மாத்தயா, ஹெமின்" என்று மெல்ல வரச்சொல்லுவார். நாம் உற்று உற்றுப் பார்த்தும் இரண்டு சருகுகளே தெரியும். ஐந்து நிமிடம் கழித்துச் சருகொன்று கண்ணை ஒரு நூலளவு திறந்து மூடும்போதுதான், தவளைவாயன் என்னும் பறவைச் சோடி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உறங்குவது புலப்படும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் வழிகாட்டிக்குக் கூலி. பறவைகளின் ஆங்கிலப் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். மற்றப் பேச்செல்லாம் சிங்களம். கொழும்புத் தமிழர் தமக்குத் தெரிந்த சிங்களத்தில் அவர்களோடு வீட்டுச்செய்தி பேசிக்கொண்டே போனால், விளம்பரத்தில் இல்லாத பல சங்கதிகள் வெளிவரும்: எந்த வீட்டில் கித்துள் பாணி கலப்பில்லாமல் கிடைக்கும், யாருடைய தோட்டத்துக்குள் கெஹிபெல்லா முட்டையிட்டிருக்கிறது என்பவை போல. பன்னிரண்டு பேரை ஒரு வழிகாட்டியின் பின்னே வரிசையாக அனுப்பும் ஏற்பாட்டை ஏற்கலாகாது. பின்வரிசையார் காண்பது முன்வரிசையாரின் முதுகை.

பருவத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களும், அவற்றுக்கு அடுத்தபடியாக ஆகஸ்டும் செப்டெம்பரும் ஏற்றவை. மே, ஜூன் மாதங்களைத் தவிர்த்துவிடவேண்டும். 2017 மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இந்த வனத்தைச் சுற்றிய ஊர்களிலேதான். மழையே இல்லாத நாளைத் தேடிப் போவது வீண்; ஆண்டின் எந்த மாதத்திலும் ஒரு பாட்டம் பெய்யும்.

ஆகவே ஒரு குடும்பத்துக்கு நான் வகுத்துக்கொடுக்கக்கூடிய ஒழுங்கு: முதல் நாள் நண்பகலுக்குள் குடாவை சேர்ந்து முற்றத்தில் இருப்பது, இரண்டாம் நாள் விடியலில் பழைய லொறிப் பாதையால் ஆராய்ச்சி நிலையம் வரை மெல்ல நடந்து திரும்பி, இயன்றவர் மாத்திரம் மவுலவெல்லைக்கு ஏறுவது, மூன்றாம் நாள் மறுபடி ஒரு காலை நடை, பின் மத்துகம வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, பின்னேரம் மாது கங்கையில் ஓடமேறிவிட்டுக் காலி வீதியால் வீடு திரும்புவது. முற்பணம் அனுப்புமுன் விடுதிக்காரரிடம் கேட்கவேண்டியவை, வாசலுக்கு நடைதூரம் எவ்வளவு, வான் ஏறாத கடைசித் துண்டுக்கு ஜீப் யார் செலவு, இரு நாளும் ஒரே வழிகாட்டியா என்பன. திணைக்களத் தங்குமனைகளை வேண்டுவோர் பத்தரமுல்லையிலுள்ள வனப் பாதுகாப்புத் திணைக்களத் தலைமையகத்தில் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். நுழைவுச்சீட்டு உள்நாட்டாருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு வேறு விலை. முகத்தைப் பார்த்தல்ல, கையிலுள்ள பத்திரத்தைப் பார்த்தே அது தீர்மானிக்கப்படும். தேசிய அடையாள அட்டை உள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். கனடாக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்கள், வண்ணார்பண்ணையில் பிறந்த கதையைச் சீட்டறையில் சொல்லி வரிசையை நிறுத்திவைக்காமல், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். ஆறரை மணிக்குப் பறவைகள் காத்திருப்பதில்லை.